அது கைதான்

எனக்கு இடது கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிடும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். விபத்து கிடையாது, வியாதி கிடையாது, கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கதையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நான் என்ன சொன்னாலும் கேட்கிறவர் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

கால்பந்து ஆடுவது என் தொழில். முதல் பிரிவுப் பெண்கள் அணி ஒன்றில் தற்காப்பு ஆட்டக்காரி. எங்கள் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு, பந்தோடு வருகிறவளை வரவிடாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. காலால் ஆடுகிற ஆட்டத்தில் கைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு நூறு அடி ஓடிப் பார்க்கட்டும். ஓடுகிற உடம்பைத் திருப்புவது கை. எதிராளியின் முதுகில் லேசாக வைத்து அவள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்று தெரிந்துகொள்வதும் கைதான். என் இடது பக்கம் வருகிறவளிடம் அந்த வித்தை பலிக்காது. அதனால் இடுப்பைக் கொடுக்கப் பழகினேன். பந்து அவள் காலுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே என் இடுப்பை அவள் இடுப்புக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டால், பிறகு அவளுக்குத் திரும்ப இடமிருக்காது. இதைப் பழகுவதற்குள் எத்தனை தடவை மல்லாக்க விழுந்தேன் என்பது என் முதுகுக்குத்தான் தெரியும்.

பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போனால் இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலிருந்து எறிய வேண்டும் என்பது விதி. ஆகவே நான் எறிவதில்லை. பக்கத்தில் இருப்பவள் எறிவாள். அந்த விதியின் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அது யாரையும் பார்த்து உச்சுக்கொட்டுவதில்லை.

எனக்கு ஆகாதது கைதட்டல். ஐந்து வயதுக் குழந்தைகூடக் கொடுத்துவிடக்கூடிய பந்தைப் பக்கத்தில் இருப்பவளுக்கு நான் தட்டிவிட்டால் மைதானமே கைதட்டும். சரி, போகட்டும். நான் கோட்டைவிட்டு எதிரணி கோல் போட்டாலும் தட்டுவார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். மற்றவள் அந்தத் தப்பைச் செய்தால் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள். எனக்கு மட்டும் ‘பாவம், இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு’ என்று ஒரு தட்டு. விளம்பரப் பலகையில் என் படத்தைப் போட்டு அடியில் ‘தடைகளைத் தாண்டி’ என்று எழுதியிருந்தார்கள். நான் தாண்டுகிறவள் இல்லை. மற்றவர்களுக்குத் தடையாக நிற்கிறவள். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என்னை ஆட்டக்காரியாக மட்டும் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எங்கள் கோல்கீப்பர், அணித்தலைவியும் அவள்தான். என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்பேன். அவள் என்னை ‘முக்கால்’ என்பாள். முதல் நாள் உடை மாற்றும் அறையில் எல்லாரும் என் கையைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தபோது, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நன்றாகவே பார்த்தாள். “முக்கால்வாசி இருக்கு. போதும். எனக்கு முன்னாடி நிக்கும்போது வாயைத் திறந்து கத்து, அது முழுசா இருந்தாப் போதும்” என்றாள். நான் பந்தைத் தவறவிட்டால் அவள் திட்டுவது எதிர்ப்பக்கக் கேலரி வரைக்கும் கேட்கும். அந்தத் திட்டுக்காகவே நான் ஆடினேன் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொருத்தி எதிரணிக்காரி. சட்டையில் ஒன்பதாம் எண் போட்டு ஆடுகிறவள், லீக்கிலேயே அதிக கோல் அடித்தவள். மற்ற அணிக்காரிகள் என்மேல் மோதினால் உடனே கைகொடுத்துத் தூக்கிவிட்டு, மன்னிப்பும் கேட்டு, முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒன்பது அப்படியில்லை. போன வருடம் முழங்கையால் இடித்து என் முன்பல்லை உடைத்தாள். விழுந்து கிடந்தவளைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். எனக்கு மரியாதை கொடுத்த ஒரே எதிராளி அவள்தான்.

நடுவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுடைய கண் என் இடது கைக்கு வந்ததும் வழுக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். மைதானத்து மூலையிலிருந்து கார்னர் அடிக்கும்போது கோலுக்கு முன்னால் நடக்கும் தள்ளுமுள்ளில் எல்லாரும்தான் தள்ளுகிறார்கள், இழுக்கிறார்கள். நானும் அந்தக் குட்டைக் கையால் நன்றாக நெம்புவேன். ஒரு தடவைகூட விசில் ஊதியதில்லை. ஊத வேண்டுமென்றால் அதைப் பார்க்க வேண்டுமே. பார்க்கமாட்டேன் என்கிறவனுக்கு நான் ஏன் காட்ட வேண்டும்? இது அக்காவுக்கும் தெரியும், ஒன்பதுக்கும் தெரியும்.

அந்த வருடத்தின் கடைசி ஆட்டம் ஒன்பதின் அணியோடு வந்தது. புள்ளிப் பட்டியலில் நாங்கள் இரண்டு அணியும் அடிமட்டத்தில் கிடந்தோம். எங்களுக்குச் சமன் போதும், முதல் பிரிவில் தங்கிவிடுவோம். அவர்கள் ஜெயித்தாக வேண்டும். தோற்றால் நாங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்குவோம். அங்கே போனால் பாதிப்பேரின் ஒப்பந்தம் அப்படியே காலாவதி. அக்காவுக்கு அது ஆட்டத்தின் முடிவே. அந்த வயதில் இரண்டாம் பிரிவுக்குப் போன கோல்கீப்பரை யாரும் மேலே கூப்பிடுவதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் அவள் கையுறையை மாட்டிக்கொண்டே ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்து, இன்றைக்கு எவளாவது கோட்டைவிட்டால் கொன்றுவிடுவேன் என்றாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள்.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். இரண்டு பக்கமும் கோல் இல்லை. மழை தூறிப் புல்லெல்லாம் வழுக்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக வந்தது. அக்கா அதைக் குத்திவிட முன்னால் பாய்ந்தாள், கால் வழுக்கியது, பந்து அவள் விரலுக்கு மேலே போனது. பின்னால் ஒன்பது குதித்துத் தலையால் முட்டினாள். கோலில் ஆளில்லை, கோட்டின் மேல் நான் மட்டும்தான். பந்து என் இடது தோளுக்கு வெளியே போனது. தலைக்கு எட்டாது, காலுக்கும் எட்டாது. என் கை தானாக எழுந்தது. அந்தக் குட்டைக் கை. பந்து அதில் பட்டுத் தெறித்துக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே போய்விட்டது. சத்தம்கூடக் கேட்டது, ஈரத்துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி.

கோட்டில் நின்றுகொண்டு கையால் கோலைத் தடுத்தால் பெனால்டி, தடுத்தவளுக்குச் சிவப்பு அட்டை, மைதானத்தைவிட்டு வெளியே போக வேண்டியதுதான். இது பந்தைத் தொட்ட எல்லாருக்கும் தெரியும். நடுவர் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் லீக்கில் வீடியோ பார்த்துச் சொல்வதெல்லாம் இல்லை, அவர் கண்தான் எல்லாம். விசில் அவர் வாய்க்குப் போனதை நான் பார்த்தேன். பிறகு அவர் என் கையைப் பார்த்தார். முதல்தடவையாக ஒரு நடுவர் அதை நேராகப் பார்த்தார். விசில் கீழே இறங்கியது. கார்னர் என்று கொடிப்பக்கம் கைகாட்டினார்.

ஒன்பது வெறிபிடித்தவளாக அவர்மேல் பாய்ந்தாள். “கை! கையால அடிச்சா! உங்க கண்ணு எங்க இருக்கு?” அதோடு விட்டிருக்கலாம். இங்கே எழுத முடியாத இரண்டு வார்த்தையையும் சேர்த்துக்கொண்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு குதியாட்டம்தான், பொய் சொல்லமாட்டேன். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது நடுவர் என் பக்கமாக வந்தார். குரலைத் தாழ்த்தி, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் பேசுகிற மாதிரி, “பயப்படாதம்மா. அதைப் போய் கைன்னு சொல்ல எனக்கு மனசு வருமா?” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. அந்த ஆள் பார்க்காமல் விட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். செத்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். கண்ணுக்குத் தப்பியது வேறு. இவர் பார்த்தார், தெரிந்துகொண்டார், பிறகு மன்னித்தார். அந்தக் கையோடுதான் நான் புட்டிப்பால் குடித்தேன், அடி வாங்கினேன், சைக்கிள் ஓட்டினேன், லீக்கின் பெரிய பெரிய ஆட்டக்காரிகளை நிறுத்தினேன். அதைக் கையில்லை என்று சொல்ல இந்த ஆள் யார்? அதுவும் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

“கைதான் சார்” என்றேன்.

“விடும்மா, போய் ஆடு” என்றார்.

நான் போகவில்லை. கார்னர் கொடிக்குப் பக்கத்தில் வைத்திருந்த பந்தை எடுத்து இடது கையில் இடுக்கிக்கொண்டேன். பந்தை மறுபடி அடிக்கும்வரைக்கும் நடுவர் தன் முடிவை மாற்றலாம், அதுவும் விதிதான். அக்கா கோலிலிருந்து ஓடிவந்தாள். “முக்கால், வாயை மூடு. பந்தைக் கீழ வை” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவள் முகத்தில் நான் என்றுமே பார்க்காத பயம் இருந்தது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. நடுவருக்கு முன்னால் போய் நின்று, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “கோட்டுல நின்னு கையால தடுத்தேன். தெரிஞ்சேதான் தடுத்தேன். வேற எவளா இருந்தாலும் என்ன பண்ணுவீங்களோ அதைப் பண்ணுங்க” என்றேன்.

வேறு வழியில்லாமல் அவர் விசிலை ஊதினார். பெனால்டி. எனக்கும் சிவப்பு அட்டை. ஆனால் ஒன்பதுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வாயாடினதுக்குக் கொடுத்தது, அது நிற்கும் என்றார்.

வெளியே போகிற நடைவழியில் நானும் ஒன்பதும் முன்னும் பின்னுமாக நடந்தோம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், எங்கள் பூட்ஸ் ஆணிகளின் சத்தம். கதவுப் பக்கம் போனதும் அவள் நின்று, “அந்த பெனால்டிய நான் அடிச்சிருக்கணும்” என்றாள். எரிச்சலாகத்தான் சொன்னாள். வெளியே கூச்சல் கிளம்பியது, யாரோ அடித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டோம்.

ஒன்றுக்குச் சுழியம். நாங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம்.

உடை மாற்றும் அறையில் யாரும் என்னைத் திட்டவில்லை. சின்னவள் ஒருத்தி தேம்பிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார்கள். அக்கா மட்டும் கையுறைகளைக் கழற்றிச் சுவரில் வீசியடித்தாள்.

“அந்த ஆளு உன்னைக் கேவலப்படுத்தினான். சரி. ஒத்துக்கறேன்” என்றாள். “நாங்க என்னடி பண்ணோம்? உன் ரோஷத்துக்கு எங்க பொழப்புதான் கிடைச்சுதா?”

அவள் கேட்டது நியாயம், நான் செய்ததும் நியாயம், இரண்டும் ஒரே அறையில் நிற்க முடியவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் ஆரம்பித்தது கூத்து. நான் பாட்டுக்குக் குற்றத்தை ஒத்துக்கொண்டு அணியைக் கவிழ்த்துவிட்டு வந்து படுத்தால், ஊரே என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. கையில்லாதவளின் நேர்மை என்று ஒரு பேப்பர். குறையுள்ள உடல், குறையில்லா உள்ளம் என்று இன்னொன்று. யாரோ ஒருவர் அதை வைத்துக் கவிதை வேறு எழுதியிருந்தார். எங்கள் அணி என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. கோபத்தில் செய்த காரியத்தைக் குணம் என்றார்கள். நான் கத்தினது யாருக்கும் கேட்கவில்லை, கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அம்மாவுக்குத் தொலைபேசி ஓயவில்லை. சித்தி கூப்பிட்டு, கடவுள் ஒன்றைக் குறைத்தாலும் இன்னொன்றைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார் பார் என்று உருகினாள். அம்மாவும் சேர்ந்து மூக்கை உறிஞ்சினாள். நான் தொலைபேசியைப் பிடுங்கி, கடவுள் உங்களுக்கு எதைக் குறைத்தார் என்று எனக்குத் தெரியும் சித்தி என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பெருமைப்படக்கூட விடமாட்டேன் என்கிறாளே என்று அவளுக்கு ஆற்றாமை. பெருமைப்பட நினைத்தால் நான் ஒன்பதை எண்பது நிமிஷம் பந்தைத் தொடவிடாமல் வைத்திருந்ததற்குப் பெருமைப்படு என்றேன். அது அவளுக்குப் புரியவில்லை.

ஒழுங்குக் குழு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சிவப்பு அட்டை வாங்கியவர் அணித்தலைவரோடு வர வேண்டும் என்பது முறை. அதனால் அக்கா வந்தாக வேண்டும். வந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தாள். எங்களுக்கு முன்னால் ஒன்பதை அவள் அணித்தலைவியோடு உள்ளே கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தவள் எங்கள் முன்னால் நின்று, நாலு ஆட்டத்துக்குத் தடை என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

உள்ளே நீள மேசை, வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள், குளிரூட்டியின் இரைச்சல். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர், வயதானாலும் தோள் அகலம் குறையவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஒன்பதுக்கு எழுந்து நின்றிருப்பாரா? உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு குழு ஒருமனதாக எடுத்த முடிவைச் சொன்னார். எனக்கு வழக்கமாகப் போட வேண்டிய தடையை ரத்து செய்கிறார்கள். அதோடு இந்த வருடத்து நேர்மை விருதும் எனக்குத்தான். கேடயம் தயார், அடுத்த வருடத் தொடக்க விழாவில் மேடையில் வைத்துத் தருவார்களாம்.

“வெளிய போனாளே, அவ உண்மையைச் சொன்னா. அவளுக்கு நாலு மேட்ச்” என்றேன். “கோலைத் திருடினது நான். எனக்குக் கேடயமா?”

அவள் பேசிய வார்த்தைகளுக்குத்தான் அந்தத் தடை என்று ஓரத்தில் இருந்தவர் விளக்கினார். தலைவர் கையமர்த்திவிட்டு, “உங்க நிலைமையையும் பார்க்கணும் இல்லையாம்மா” என்றார்.

“என்ன நிலைமை சார்?”

ஒருவர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். நான் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு இடது கையை எடுத்து மேசைமேல், தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவில் வைத்தேன்.

“இதுக்குப் பேரு என்ன? சொல்லுங்க.”

மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள். நான் எடுக்கவில்லை. அவர்கள் ராத்திரி வரைக்கும் வேறு பக்கம் பார்த்தாலும் நான் எடுத்திருக்கமாட்டேன். கடைசியில் தலைவர் மெதுவாகத் திரும்பி அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கை” என்றார்.

“கையால தடுத்தா என்ன தடை?”

“மூணு மேட்ச்.”

“அதைப் போடுங்க. கேடயத்தை வேற யாருக்காவது குடுங்க.”

அவர் பெருமூச்சு விட்டு முன்னால் இருந்த தாளில் ஏதோ அடித்தார், எழுதினார். பிறகு, சம்பிரதாயத்துக்குக் கேட்கிற குரலில், அணித்தலைவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்றார். வழக்கமாக இந்த இடத்தில் அணித்தலைவர் எழுந்து, எங்கள் ஆட்டக்காரி நல்லவள், இந்த ஒருமுறை குறைத்துக் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டும்.

அக்கா எழுந்தாள். உடை மாற்றும் அறையில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு என் காதுபட அவள் பேசுவது அப்போதுதான்.

“மூணு பத்தாது. ஆறு போடுங்க” என்றாள்.

தலைவர் சிரித்தார், ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து. அக்கா சிரிக்கவில்லை. “இவளால நாங்க கீழ இறங்கினோம். என் ஆட்டம் முடிஞ்சு போச்சு. கோட்டுல நிக்கறவளுக்குத் தலையால முட்டத் தெரியணும், கையைத் தூக்கக் கூடாது. முதல் நாள் பயிற்சியில சொல்லித் தர்ற விஷயம். அதைத் தப்புப் பண்ணினா. அதுக்கு ஆறு” என்றாள்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள், நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தார்களோ என்னவோ. தலைவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். என் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் அவர்கள் நினைத்த காரணத்துக்கு இல்லை.

“அவங்க சொல்றது சரி” என்றேன்.

அவர்கள் குனிந்து கிசுகிசுத்துக்கொண்டார்கள். ஆறு என்று எழுதினார்கள். அக்கா கும்பிடுகூடப் போடாமல் திரும்பி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அந்த அறைக்குப் பாரமான கண்ணாடிக் கதவு, தானாகச் சாத்திக்கொள்கிற வகை. பிறந்ததிலிருந்து நான் போகிற இடமெல்லாம் முன்னால் போகிறவர் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அவள் பிடிக்கவில்லை. பின்னால் யார் வருகிறார்கள் என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு வந்து என் முகத்திலேயே மோதியது. இடது கையால் அதைத் தள்ளித் திறந்துகொண்டு அவள் பின்னால் ஓடினேன்.